நம்பத்தக்கது எது?

சற்றே நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது. நேரம் வாய்க்கும்போது வாசிக்கலாம்.

முனைவர் பட்ட ஆய்வை அண்மையில் தொடங்கியிருக்கும் இளைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். 'கிரெடிபிள்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? 'நம்பகமான', 'நம்பத்தகுந்த', 'நம்பக்கூடிய', 'ஏற்கத்தக்க' என நான்கு சொற்கள் அவர் கையில் இருந்தன. நான்கும் ஒன்றா, வேறா என்பது அவருடைய ஐயம். இரண்டு வரியில் விடை எழுத முற்பட்டேன், முடியவில்லை. காரணம், அந்தச் சொல் கடந்த இரண்டு ஆண்டுகளாக என் மேசையை விட்டு அகலாத சொல். கொல்கத்தாவில் இருந்துகொண்டு சாட்சியங்களைப் பற்றி ஆராய்கிற எவருக்கும் அது அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'கிரெடெரெ' என்றொரு வினை. நம்புதல், ஒப்படைத்தல், கடன் கொடுத்தல் என மூன்று பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தின் கிரெடிட், கிரீட், கிரெடென்ஷியல், கிரெடிபிள், கிரெடுலஸ் ஆகிய யாவும் அந்த ஒரு வேரின் கிளைகள். ஒருவர் கையில் பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வரும் என்று காத்திருப்பதும், ஒருவர் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டு அது மெய்யாகும் என்று காத்திருப்பதும் ஒரே செயலாகத் தோன்றியிருக்கின்றன. தமிழுக்கும் இது புதிதன்று. 'நாணயம்' என்பது காசு. 'நாணயமான மனிதர்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். கடைத்தெருவில் பிறந்த அறம் என்று இதனைச் சொல்லலாம்.

இதே வேருக்குச் சமஸ்கிருதத்திலும் உடன்பிறப்பு உண்டு: 'சிரத்தா'. இலத்தீன் 'கிரேடோ'வும் வடமொழிச் 'சிரத்தா'வும் ஓர் இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலார் ஏற்றுக்கொண்ட செய்தி. வங்காளத்தில் 'ஸ்ரத்தா' என்றால் மதிப்பு. தமிழில் 'சிரத்தை' என்றால் கவனம், ஊக்கம். சிரத்தையாகப் படி என்கிறோம். அதே வேர்தான் முன்னோர்க்குச் செய்யும் 'சிராத்தம்' ஆகவும் நிற்கிறது. ஆங்கிலேயரின் கிரெடிட் கார்டும் நம் வீட்டுத் திதியும் தூரத்து உறவினர் என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். அப்போது அவர்களிடம் நான் கேட்பதுண்டு: இப்போது நீங்கள் நம்ப மறுப்பது செய்தியையா, சொல்லுகிற என்னையா? அந்த வேறுபாட்டில்தான் இந்தப் பதிவின் பொருள் அடங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் நெருங்கிய உறவுள்ள சில சொற்களை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். 'கிரெடிபிள்' என்பது நம்புவதற்குத் தகுதியுடையது; ஆளுக்கும் வரும், செய்திக்கும் வரும். 'கிரெடுலஸ்' என்பது எதையும் எளிதில் நம்பிவிடுகிற ஆளைக் குறிக்கும், செய்திக்கு வாராது. 'கிரெடிட்டபிள்' என்பது பாராட்டத்தக்கது. நம்பிக்கைக்கும் அதற்கும் இன்று தொடர்பு மிகக் குறைவு. 'இன்கிரெடிபிள்' என்பது நம்பமுடியாதது என்ற பொருளில் தொடங்கி, வியக்கத்தக்கது என்ற புகழ்ச்சியாக மாறிவிட்டது. சுற்றுலாத் துறை தன் நாட்டை 'இன்கிரெடிபிள்' என்று விளம்பரப்படுத்தலாம்; அதே சொல்லை ஒரு நீதிபதி சாட்சியைப் பற்றி எழுதினால் வழக்கு முடிந்தது. 'பிளாசிபிள்' என்பது வேறு குடும்பம். கைதட்டுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கைதட்டத் தக்கது என்பது அதன் பழம்பொருள். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, அவையோர் தலையசைப்பர் என்ற அளவே அது. பிளாசிபிள் ஆன கதைக்குச் சான்று தேவையில்லை. கிரெடிபிள் ஆன கூற்றுக்குத் தேவை. ஆய்வேட்டில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால், வாதத்தின் சுமை முழுவதும் இடம்மாறிவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். 'நம்பு' என்ற சொல் பழந்தமிழில் இன்றைய பொருளில் மட்டும் வழங்கியதன்று. தொல்காப்பிய உரியியல், 'நம்பு', 'மேவு' என்னும் இரண்டுக்கும் நசை என்பதே பொருள் என்கிறது. நசை என்றால் விருப்பம். ஒன்றை விரும்புதல் என்பது, காலப்போக்கில், ஒன்றை மெய்யென்று ஏற்றல் என்றாகியிருக்கிறது. ஆங்கிலத்தின் 'பிலீவ்' என்ற சொல்லின் வரலாறும் இதுவே. அன்புக்குரியது என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானிய வேரிலிருந்து அது வந்தது. தர்க்க நூலார் நம்பத்தக்க உரையாளரை 'ஆப்தர்' என்பர். நம் வீடுகளில் 'ஆப்த நண்பர்' என்றால் நெருங்கிய நண்பர். 'விசுவாசம்' வங்காளத்தில் 'பிஸ்வாஸ்' ஆகி நம்பிக்கையைக் குறிக்கிறது. தமிழில் அது நாயின் நன்றியையும் ஊழியரின் பற்றையும் கிறித்தவரின் இறைநம்பிக்கையையும் குறிக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும், நம்பிக்கை என்பது அன்பின் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறது.

இதில் அழகு உண்டு, ஆபத்தும் உண்டு. நமக்கு வேண்டியவர் சொன்னால் நம்புகிறோம். நம் மொழி பேசுபவர், நம்மைப்போல் உடுத்துபவர், நாம் படித்த பள்ளியில் படித்தவர் சொன்னால் நம்புகிறோம். அப்படியானால் வேண்டாதவர் சொல் என்னாகும்?

இக்கேள்விக்குக் கொல்கத்தா நகரம் நெடிய விடைகளை வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இந்நகரில் ஆட்சித் தலைமை இருந்த காலத்தில் இயற்றப்பட்டது. வைசிராய் அவையின் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதனை வரைந்தார். ஒரு செய்தி மெய்ப்பிக்கப்பட்டது என்று எப்போது கொள்ளலாம் என்பதற்கு அச்சட்டம் தந்த அளவுகோல், விவேகமுள்ள ஒரு மனிதர். அவர் அச்செய்தி உண்டு என்று கொண்டு செயற்படும் அளவுக்கு அது நிகழக்கூடியதாக இருந்தால் போதும். ஒரு செய்தியை நிறுவ இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கையையும் அது விதிக்கவில்லை. ஒரே ஒருவர் போதும், அவர் நம்பத்தக்கவராயின். இந்த அளவில் அது தெளிந்த சட்டமே.

ஆனால் அதே சட்டத்தின் 155ஆம் பிரிவு, சாட்சியின் 'கிரெடிட்'டைக் குலைக்கும் வழிகளை வரிசைப்படுத்தியது. அவற்றுள் நான்காவது வழி: பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் தந்த பெண் பொதுவாக ஒழுக்கமற்றவர் என்று காட்டலாம். அதாவது நடந்த நிகழ்வைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்பதை ஆராயுமுன், அவள் எத்தகையவள் என்று கேட்டுவிடலாம். இந்த உட்பிரிவு 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் அது நம் நீதிமன்றங்களில் உயிரோடிருந்தது. 'கிரெடிபிள்' என்ற சொல் எவ்வளவு நடுநிலையான முகத்தோடு எவ்வளவு பக்கச்சார்பான வேலையைச் செய்யக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு விடை விரல் நுனியில் இருக்கிறது. 1858இல் முர்ஷிதாபாத் மாவட்டத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கிலேய அலுவலர், சாலைக்குச் சரளை வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கைப் பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். பின்னாளில் தன் கையெழுத்தை அவர் மறுத்துவிடக்கூடாது என்பது நோக்கம். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு நிறுவப்பட்டது. காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய வகைப்பாட்டு முறைக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு வங்காளிகள். குடிமக்களின் வாய்ச்சொல்லை நம்பவியலாது என்று கருதிய ஓர் அரசு, அவர்களுடைய தோலை நம்பத் தொடங்கிய கதை இது. அந்தத் தோலின் மொழியைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே குடிமக்களே. தமிழில் 'கைநாட்டு' என்ற சொல் படிப்பறிவில்லாதவரை இகழும் சொல்லாகிவிட்டது. ஆனால் இன்று அலுவலகத்துக்குள் நுழையும் பேராசிரியரும் வருகைப் பதிவுக் கருவியில் கைநாட்டு வைத்தே நுழைகிறார்.

மூன்றாவது விடை பாவால் சந்நியாசி வழக்கு. டாக்கா அருகிலிருந்த பாவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1921இல், டாக்காவுக்கு வந்திருந்த ஒரு சந்நியாசி தாமே அக்குமாரர் என்றார். உடன்பிறந்த சகோதரி ஏற்றுக்கொண்டார். மனைவி விபாவதி தேவி இறுதிவரை ஏற்கவில்லை. 1930இல் உரிமை வழக்குத் தொடரப்பட்டது. இரு தரப்பிலுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். உழவர்கள், யானைப் பாகர்கள், மருத்துவர்கள், உறவினர்கள், புகைப்பட வல்லுநர்கள் என அச்சாட்சிப் பட்டியலே ஒரு சமூக வரலாறு. 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு சந்நியாசிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

மேல்முறையீடு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மூவர் அமர்வு. காஸ்டெல்லோவும் சாரு சந்திர பிஸ்வாஸும் தீர்ப்பை உறுதிசெய்தனர், லாட்ஜ் மாறுபட்டார். ஒரே சாட்சியங்களைப் படித்த மூன்று நீதிபதிகளில் இருவருக்கு நம்பத்தக்கதாகத் தோன்றியது ஒருவருக்குத் தோன்றவில்லை. அவர்களுள் ஒருவரின் குடும்பப் பெயரே 'நம்பிக்கை' என்பது தற்செயல்தான். ஆயினும் அந்தப் பெயரைக் காணும்போதெல்லாம் சிறு புன்னகை வந்துவிடுகிறது. 1946 ஜூலை 30ஆம் நாள் இலண்டன் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஒருமித்துக் கண்ட உண்மை நிலையில் தாம் வழக்கமாகத் தலையிடுவதில்லை என்பது அதன் அடிப்படை. வென்றவர் சில நாட்களிலேயே கல்கத்தாவில் காலமானார். இவ்வழக்கை ஆராய்ந்த பார்த்தா சாட்டர்ஜி 2002இல் வெளியிட்ட நூலின் தலைப்பில், 'வேடதாரியோ' என்னும் பொருள்படும் சொல்லுக்குப் பின் ஒரு கேள்விக்குறியை விட்டுவைத்தார். நீதிமன்றம் முற்றுப்புள்ளி இட்டாக வேண்டும். வரலாற்றாசிரியருக்குக் கேள்விக்குறி இடும் உரிமை உண்டு. நம்பத்தக்கது என்பது தீர்ப்புக்குப் போதும், அது உண்மையாகிவிடாது.

என் சொந்த ஆய்வில் நிகழ்ந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளைத் தொகுத்து வருகிறேன். லேக் மார்க்கெட் பகுதியில் ஒரு மூதாட்டியிடம் பல நாட்கள் பேசினேன். தந்தையார் ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தா. போர்க்காலத்தில் அவருக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. குண்டு விழுந்த நாளைப் பற்றி அவர் சொன்னது இது: உச்சி வெயில் நேரம். அப்பா அன்று வீட்டிலிருந்தார். கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய புது அகல்களைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து மாடியில் காயவைத்திருந்தார்கள். இருட்டடிப்புச் சட்டத்தில் விளக்கேற்றலாமா, கூடாதா என்று அம்மாவுக்குக் கவலை. அப்போது சங்கு ஊதியது. கிதிர்பூர்ப் பக்கம் பெருஞ்சத்தம். அம்மா இவரை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தார். வானத்தில் காக்கைக் கூட்டம்போல் விமானங்கள் வந்தன. எந்த வருடம் என்று அவருக்கு நினைவில்லை.

இதனை மையமாக வைத்து எழுதிய கட்டுரை ஒன்றை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பெயர் அறியாத மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு வந்தது. கல்கத்தா மீதான ஜப்பானியக் குண்டுவீச்சு 1942 டிசம்பர் 20 முதல் இரவுகளில் நடந்தது. நண்பகல் என்று சொல்கிற தகவலாளர் 'கிரெடிபிள்' அல்லர். முதியவர், குழந்தைப் பருவ நினைவு, எழுத்துச் சான்று இல்லை. ஆகவே அப்பகுதியை நீக்குக. நான்கு வரிகளே. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்வியும் இல்லை, பின்னால் ஒரு விளக்கமும் இல்லை.

மூதாட்டியின் கூற்றை அதன் சொந்த நாட்காட்டியால் அளந்தேன். 1942இல் கார்த்திகை மாதப் பௌர்ணமி நவம்பர் 22ஐ ஒட்டி வந்தது. டிசம்பர் 20 என்றால் மார்கழி பிறந்துவிட்டது. அகல் காயவைக்கும் காலம் கடந்துவிட்டது. ஆகவே அவர் சொல்வது 1942 ஆக இருக்க முடியாது. 1943இல் அப்பௌர்ணமி டிசம்பர் 11ஐ ஒட்டி வந்தது. 1943 டிசம்பர் 5ஆம் நாள் கிதிர்பூர்த் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் குண்டு வீசின. தொழிலாளர் பலர் மாண்டனர். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தீபத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை, அப்பா வீட்டிலிருந்தார், நண்பகல், கிதிர்பூர். ஆண்டு எண் ஒன்று நீங்கலாக யாவும் பொருந்தின. ஆண்டு எண்ணை அவர் சொல்லவே இல்லை.

இதனை விளக்கி ஆய்விதழுக்கு எழுதினேன். ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டது. பகுதி நீக்கப்படாமல் வெளிவரவிருக்கிறது. ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது வெற்றியை அன்று. அந்த அகல்கள் இல்லாதிருந்தால் என்னாகியிருக்கும்? அவர் தீபத்தைக் குறிப்பிடாது, நண்பகல் என்று மட்டும் சொல்லியிருந்தால் என் கையில் விடை இருந்திராது. கூற்று அப்போதும் உண்மையாகவே இருந்திருக்கும். நம்பத்தகாதது என்ற முத்திரையோடு குப்பைக்குப் போயிருக்கும். உண்மையாயிருத்தலும் நம்பப்படுதலும் இருவேறு நிலைகள். முன்னது நிகழ்ந்ததைப் பொறுத்தது. பின்னது கேட்பவரைப் பொறுத்தது. கேட்பவர் எதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அம்மதிப்பீட்டாளர் 1942ஐ அறிந்திருந்தார்; 1943ஐ அறிந்திருக்கவில்லை. தம் அறிவின் எல்லையைச் சாட்சியின் குறையாக எழுதினார்.

அதே சமயம், காக்கைக் கூட்டம்போல் விமானங்கள் என்ற கூற்றை நான் எண்ணிக்கையாகக் கொள்ளவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒளிந்திருந்த குழந்தை வானத்தை எவ்வளவு நேரம் கண்டிருக்கும்? அது அவர் அன்று கண்டதாகவும் இருக்கலாம். பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டு ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதனை அவர் சொற்களாகவே மேற்கோளுக்குள் வைத்தேன். ஒருவர் நம்பத்தக்கவர் என்பதால் அவர் சொல்லும் ஒவ்வொன்றும் மெய்யாகாது. ஒரு சொல் பிழைத்தால் அவர் முழுதும் பொய்யராகவும் ஆகார். ஆளை மொத்தமாகத் தூக்கி எறியவோ, மொத்தமாகத் தழுவிக்கொள்ளவோ 'கிரெடிபிள்' என்ற சொல் நம்மைத் தூண்டுகிறது. கூற்றுக் கூற்றாக அளப்பதே ஆய்வு.

மதிப்பீட்டாளரின் ஐயத்தைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "நான் பார்த்ததைச் சொன்னேன். அவங்க அப்போ இங்கே இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எப்படிம்மா இல்லைன்னு சொல்றாங்க?" என்றார். அறிவுத்தோற்றவியலில் நெடுங்காலமாக நிகழும் விவாதத்தின் ஒரு பக்கத்தை அவர் இரு வினாக்களில் அடக்கிவிட்டார்.

மறுபக்கமும் நம் மரபில் உண்டு. நியாய நூலார், உரை என்பதை அறிவின் வாயில்களுள் ஒன்றாகக் கொண்டனர். சைவ சித்தாந்தத்தின் அளவைகளிலும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றும் உண்டு. யாருடைய உரை? ஆப்தருடைய உரை. ஆப்தர் யார்? பொருளை நேரே அறிந்தவர். அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்த விழைபவர். நியாய சூத்திர உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இவ்விலக்கணத்தைச் சொல்லிவிட்டு, முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் இது பொது என்கிறார். பிறப்பு, மொழி, கல்வி ஆகியன அந்த இலக்கணத்தில் இல்லை. நேரே கண்டாரா, கண்டவாறு சொல்ல விரும்புகிறாரா என்பவையே வினாக்கள். இந்நெறி நவத்வீபத்தின் நவ்ய நியாய மரபாக வங்க மண்ணிலேயே நூற்றாண்டுகள் தழைத்தது. கல்கத்தாவில் பயின்று பின்னர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கிய பிமல் கிருஷ்ண மதிலால், பிறர் சொல்லால் அறிதல் என்ற இச்சிக்கலை மேலைத் தத்துவத்தோடு நேருக்கு நேர் நிறுத்தினார். மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில், ஒருவரின் சமூக அடையாளம் காரணமாக அவர் சொல்லுக்கு உரிய மதிப்பு குறைக்கப்படுவதை ஒருவகை அநீதி என்றார். வாத்ஸ்யாயனரின் இலக்கணம் அந்த அநீதிக்கு எதிரான விதியாகவும் பயன்படும் என்பது என் எண்ணம்.

சட்டத்துறையில் இச்சொல்லால் விளைந்த ஒரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973இன் 41ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யக் காவலர்க்குரிய காரணங்களுள் ஒன்றாக 'கிரெடிபிள்' ஆன தகவலைக் குறிப்பிட்டது. முதல் தகவல் அறிக்கை பற்றிய 154ஆம் பிரிவோ 'தகவல்' என்று மட்டுமே கூறியது, அடைமொழி இல்லை. இவ்வேறுபாட்டை 1990இல் பஜன் லால் வழக்கில் நீதிபதி ச. ரத்தினவேல் பாண்டியன் எடுத்துக்காட்டினார். 2013 நவம்பர் 12ஆம் நாள், லலிதா குமாரி வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு அதனையே நிலைநாட்டியது. சிறுமி ஒருத்தியைக் காணவில்லை என்று தந்தை தந்த புகாரின்மேல் காவல்துறை செயற்படாத வழக்கு அது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தகவல் வெளிப்படுத்துமானால் பதிவு செய்தேயாக வேண்டும். தகவல் நம்பத்தக்கதா என்பது பதிவு செய்தபின் ஆராய வேண்டியது. ஒரு பெயரடை எழுதப்படாமல் விடப்பட்ட இடத்தில் எளியவர்க்கு ஒரு கதவு திறந்தது.

சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்க்கு நான் இந்த வழக்கைத்தான் காட்டுவேன். முதலில் கேள், எழுதிக்கொள். நம்புவதா இல்லையா என்பது அடுத்த படி. காவல் நிலையத்துக்கு உச்ச நீதிமன்றம் விதித்த இவ்வொழுங்கு ஆய்வாளர்க்கும் பொருந்தும். களத்தில் நம் முன் அமர்ந்து பேசுபவரின் கூற்றைக் குறிப்பேட்டில் பதிவதற்கு அது நம்பத்தக்கதாக இருக்க வேண்டியதில்லை.

இளைய நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'நம்பகமான' என்றும், கூற்றைப் பற்றிச் சொல்லும்போது 'நம்பத்தக்க' என்றும் பிரித்து எழுதுவது நன்று. 'நம்பக்கூடிய' என்பதைத் தவிர்க்கலாம். கூடும் என்பது இயலுமையைச் சுட்டும், தகுதியைச் சுட்டாது. 'பிளாசிபிள்' என்பதற்குப் 'பொருத்தமாகத் தோன்றுகிற' என்று விரித்தே எழுதலாம். 'ஏற்கத்தக்க' என்பதை வாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளுக்கு வேண்டா.

இவற்றினும் எனக்கு உகந்த சொல் ஒன்று தமிழில் பழமையாகவே உண்டு: 'தேறுதல்'. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராய்ந்து பார்த்தல், பின் ஐயமின்றி நம்புதல் என்ற வரிசை அத்தலைப்பிலேயே அமைந்திருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதும் தேர்தலும் தேறுதலும் இணையாக நடக்கின்றன. இன்றும் 'தேர்வில் தேறினான்' என்கிறோம்; 'இந்தக் கணக்கு தேறுமா' என்கிறோம். தேர்ந்த பின்னரே தேறுதல். அன்பின் வழியே வரும் நம்பிக்கைக்கு 'நம்பு' போதும். ஆய்வின் வழியே வர வேண்டிய நம்பிக்கைக்குத் 'தேறு' பொருந்தும். 'தேறத்தக்க சாட்சியம்' என்று எழுதினால் முதலில் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். ஆயினும், 'யார் தேர்ந்தது? எப்படித் தேர்ந்தது?' என்ற வினாக்களை அச்சொல் தன்னோடு கூட்டிவருகிறது. 'கிரெடிபிள்' என்ற முத்திரை அவ்வினாக்களை மறைத்துவிடுகிறது.

மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும் நிலைக்கு நாளை நீங்கள் வருவீர்கள். 'இது நம்பத்தக்கதன்று' என்று எழுதுமுன் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இக்கூற்று நான் அறிந்த ஒன்றோடு முரண்படுகிறதா; நான் அறியாத ஒன்றாக இருக்கிறதா; அல்லது சொல்பவர் யாரென்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா. முதலாவதை ஆதாரத்தோடு எழுதுங்கள். இரண்டாவதற்குத் தேடிப் பாருங்கள். மூன்றாவதை எழுதாதீர்கள்.

சட்டம், மருத்துவம், இதழியல் ஆகிய துறைகளில் இருக்கும் நண்பர்கள் தத்தம் இடத்தில் இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குகிறார்கள் என்று எழுதினால் பயன்படும். குறிப்பாக, 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று நாளிதழ்கள் எழுதும்போது அந்த வட்டாரங்களைத் தேர்ந்தவர் யார் என்பதை அறிய எனக்கு நெடுநாளாய் ஆவல்.